பயோசிமிலர் ஊசி: எடை, தேதி, குளிர், பெயர்

க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய்களுக்கு, உயிருள்ள செல்களில் தயாராகும் பயாலஜிக் ஊசி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். எவ்வளவு செலவாகும்? ஒரிஜினலைப் போலவே வேறு கம்பெனி தயாரிக்கும், விலை குறைந்த பயோசிமிலர் ஒன்று இருக்கிறதாமே, அது ஒரிஜினல் அளவுக்கு வேலை செய்யுமா? இரண்டாவது கேள்விக்கு இன்று தெளிவான பதில் இருக்கிறது: செய்யும். பயோசிமிலர் எடுப்பவருக்கு ஊசி பலிக்காமல் போனால், காரணம் பெரும்பாலும் பாட்டிலுக்குள் இருப்பதில்லை. தேதி தள்ளிப் போயிருக்கும். எடை கூடியிருக்கும், டோஸ் கூடியிருக்காது. பேருந்துப் பயணத்தில் ஐஸ் கட்டி பட்டு மருந்து உறைந்திருக்கும். எந்தக் கம்பெனி மருந்து ஏறியது என்றே யாருக்கும் தெரியாமல் இருக்கும். பார்த்துப் பார்த்துச் சலித்த தவறுகள் இவை. எல்லாமே தவிர்க்கக்கூடியவை.

ஆதாரம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். ரெமிகேட் என்ற பெயரில் வந்த, நரம்பில் ஏற்றும் பயாலஜிக்கான இன்ஃப்ளிக்ஸிமேப் 1998-இல் க்ரோன்ஸ் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் முதல் பயோசிமிலர் கொரியாவின் செல்ட்ரியான் தயாரித்த சிடி-பி13. ஐரோப்பா அதை 2013-இல் அனுமதித்தது. ஆனால் அந்த மருந்தைச் சோதித்தது முடக்குவாதத்திலும் முதுகெலும்பு வாதத்திலும்தான். அந்த முடிவுகளை நீட்டித்துத்தான் குடல் நோய்க்கும் அனுமதி கொடுத்தார்கள். குடல் மருத்துவர்கள் பலருக்கு இது ஒப்பவில்லை. கனடா 2014-இல் மூட்டு, தோல் நோய்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டு குடல் நோய்களை மட்டும் ஒதுக்கி வைத்தது, 2016-இல்தான் சேர்த்துக்கொண்டது. அந்தத் தயக்கத்தில் தவறில்லை. தரவு வராத காலத்தில் தயங்குவதுதான் பொறுப்பு.

தரவு பிறகு வந்தது. நார்வே அரசின் நிதியில் நடந்த நார்-ஸ்விட்ச் ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரிஜினல் இன்ஃப்ளிக்ஸிமேப்பில் நிலையாக இருந்த 482 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பழைய மருந்திலேயே வைத்து, மறு பாதியை சிடி-பி13-க்கு மாற்றினார்கள். 52 வாரத்தில் நோய் மோசமானவர்கள் பழைய மருந்தில் 26 சதவீதம், புதியதில் 30 சதவீதம். முன்கூட்டியே வகுத்துக்கொண்ட 15 சதவீத எல்லைக்குள் இந்த வித்தியாசம் அடங்கிவிட்டது. க்ரோன்ஸ் நோயாளிகளை மட்டும் தனியாகப் பார்த்தால் இடைவெளி பெரிதாகத் தெரிந்தது, 21-க்கு 36. இணையத்தில் பயமுறுத்துபவர்கள் எடுத்துக்காட்டும் எண் இதுதான். தனித்தனி நோய்க்கு முடிவு சொல்லும் அளவுக்கு ஆட்களைச் சேர்த்து வடிவமைத்த ஆய்வு அல்ல அது. க்ரோன்ஸுக்கென்றே 220 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2019-இல் வந்தது. ஆறாவது வாரத்தில் பலன் கண்டவர்கள் சிடி-பி13-இல் 69 சதவீதம், ஒரிஜினலில் 74 சதவீதம். புள்ளியியல் கணக்கில் சிடி-பி13 ஒரிஜினலுக்குச் சளைத்ததல்ல. 30-ஆவது வாரத்தில் இரு குழுவிலும் பாதிப் பேருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தும் பிரச்சினை எழவில்லை. ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022-இல், அங்கே அனுமதி பெற்ற பயோசிமிலர்களை ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுக்கலாம் என்று அறிவித்தது.

இந்தியாவில் பயோசிமிலர்களுக்கான வழிகாட்டுதல் 2012-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்டது. வீட்டிலேயே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் இன்னொரு பயாலஜிக்கான அடாலிமுமேப்பின் பயோசிமிலரை உலகில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சைடஸ் நிறுவனம். எக்ஸெம்ப்டியா என்ற பெயரில், 2014 டிசம்பரில். இன்ஃப்ளிக்ஸிமேப்புக்கும் உள்ளூர் பிராண்ட் உண்டு. ஐரோப்பிய நோயாளி ஒரிஜினலில் பல வருடம் இருந்துவிட்டுப் பயோசிமிலருக்கு மாறுகிறார். நம் ஊரில் பலருக்கு முதல் ஊசியே பயோசிமிலர்தான். மாறுவது என்ற பேச்சே இல்லை. நம் கவலைகள் வேறு.

முதல் கவலை காசநோய். இதில் சமரசமே கூடாது. இந்த ஊசிகள் அடக்குவது டிஎன்எஃப் என்ற புரதத்தை. உடம்பில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி நோய் எதிர்ப்புச் செல்கள் கட்டி வைத்திருக்கும் சுவர் நிற்பது அந்தப் புரதத்தின் பலத்தில்தான். ஊசி போட்டதும் சுவர் இளகும். அதனால் தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரே, மேன்டூ தோல் பரிசோதனை அல்லது டிபி கோல்டு ரத்தப் பரிசோதனை கட்டாயம். சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு மேன்டூவும் டிபி கோல்டும் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ஆகவே பயாலஜிக் தேவைப்படும் என்ற பேச்சு வந்தவுடனேயே, ஸ்டீராய்டு டோஸ் ஏறுவதற்கு முன்பே, இந்தப் பரிசோதனைகளை முடித்துவிடுவது நல்லது. உறங்கும் காசநோய் இருப்பது தெரிந்தால் தடுப்பு மருந்தைத் தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான் ஊசி என்பது வழக்கம்.

இன்னொரு சிக்கல் நம் நாட்டுக்கே உரியது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் புண் இருந்தால் அது க்ரோன்ஸா, குடல் காசநோயா என்று பயாப்ஸியிலும் சில சமயம் பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது டாக்டர்கள் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, இரண்டு மாதம் போல் கழித்து மறுபடி கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'ஏன் நாளைக் கடத்துகிறார்கள்' என்று குடும்பம் எரிச்சல் படும். குடல் காசநோய் இருப்பவருக்கு இந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிப் புரியவைத்தால் அந்த எரிச்சல் அடங்கிவிடும்.

பரிசோதனை நெகட்டிவ் என்பதால் ஆயுளுக்கும் நிம்மதி என்று எண்ண வேண்டாம். ஊசி எடுக்கும் காலம் முழுக்க காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு, கழுத்தில் கட்டி, விடாத இருமல் எது வந்தாலும் அடுத்த டோஸுக்கு முன் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளில் காசநோய் நுரையீரலுக்கு வெளியே வருவது அதிகம். இருமல் இல்லை என்பதால் விட்டுவிடக்கூடாது. ஹெபடைடிஸ் பி-க்கு மேற்பரப்பு ஆன்டிஜன் பரிசோதனையோடு 'கோர் ஆன்டிபாடி' பரிசோதனையும் வேண்டும். பழைய தொற்று ஒளிந்திருந்தால் பின்னதுதான் காட்டிக் கொடுக்கும். ஆசனவாய்ப் பக்கம் சீழ் கட்டி இருந்தால் அதை வடித்த பிறகே மருந்து.

சரி, டோஸ். இன்ஃப்ளிக்ஸிமேப் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். முதல் நாள், 2-ஆவது வாரம், 6-ஆவது வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை. வயல் என்ற சின்னக் கண்ணாடி மருந்துப் புட்டி ஒவ்வொன்றிலும் 100 மி.கி. தூள் இருக்கும். 54 கிலோ நோயாளிக்கு 270 மி.கி. தேவை, அதாவது மூன்று வயல். அங்கேதான் ஒரு பேரம் தொடங்கும்: 'இரண்டு வயலோடு நிறுத்திக்கலாமா?' இரண்டு போட்டால் கிலோவுக்கு 3.7 மி.கி.தான். மிச்சம் பிடித்தது ஒரு வயல் விலை; கைவிட்டுப் போகக்கூடியது மருந்தே. குறைந்த அளவில் ஏறும் மருந்து அடுத்த டோஸுக்கு முன்பே ரத்தத்தில் வற்றிவிடும். வற்றிய இடைவெளியில் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும். வயல் கணக்கை மேல்நோக்கி முழுமையாக்குவதுதான் பொதுவாக நல்லது. 45 கிலோ போன்ற நடுவாந்தர எடையில் 225 மி.கி. வரும், இரண்டா மூன்றா என்பதை நோயின் தீவிரத்தைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும், மருந்துக்கடைப் பில் சொல்லக்கூடாது.

எடையை ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஊசி நன்றாகப் பலிக்கிறவருக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். 48 கிலோவில் தொடங்கியவர் சாப்பாடு பிடித்து, ரத்தசோகை தெளிந்து, ஒரு வருடத்தில் 62 கிலோ ஆகிறார். பழைய சீட்டையே காட்டி 250 மி.கி. ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கிலோவுக்கு 4 மி.கி.க்கு இறங்கிவிட்டது யார் கண்ணிலும் படுவதில்லை. ஏழாவது வாரத்தில் வயிற்றுப்போக்கு எட்டிப் பார்க்கிறது. 'லோக்கல் மருந்து, அதான்' என்று பழி பயோசிமிலர் மேல் விழுகிறது.

மருந்து ஏற்றும் அறைக்குள் போவோம். நோயாளி வந்து, காய்ச்சலும் எடையும் பார்த்து, இருமல், பல்வலி, சிறுநீர் எரிச்சல் இருக்கிறதா என்று கேட்டு, கையில் கேனுலா சரியாக உட்கார்ந்த பிறகுதான் வயலைத் திறக்க வேண்டும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று போன் வந்ததுமே கலக்கி வைத்துவிட்டு, ஆள் 101 டிகிரி காய்ச்சலோடு வந்து நின்றால் மூன்று வயல் வீண். கலக்கிய மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி.

ஒவ்வொரு வயலுக்கும் 10 மி.லி. ஊசிநீர். 21 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியால், நீர் தூளின் மேல் நேராக விழாமல் கண்ணாடிச் சுவரில் வழிந்து இறங்குமாறு விட வேண்டும். பிறகு வயலை மெதுவாகச் சுழற்ற வேண்டும். குலுக்கவே கூடாது, குலுக்கினால் நுரைத்துப் புரதம் குலைந்துவிடும். நுரை இருந்தால் ஐந்து நிமிடம் மேசையில் விட்டுவிடுங்கள், அடங்கிவிடும். இப்போது ஒரு மி.லி.யில் 10 மி.கி. மருந்து. 300 மி.கி. வேண்டும் என்றால் 250 மி.லி. நார்மல் சலைன் பாட்டிலிலிருந்து முதலில் 30 மி.லி.யை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 30 மி.லி. மருந்தைச் சேர்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலக்கக்கூடாது. அதே லைனில் வேறு மருந்து போகக்கூடாது. டிரிப் செட்டில் 1.2 மைக்ரான் ஃபில்டர் வேண்டும். சின்ன நர்சிங் ஹோமில் அது இருப்பில் இல்லாமல் இருக்கலாம். படுக்கை முன்பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள்.

குறைந்தது இரண்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். பலர் கடைப்பிடிக்கும் வேகம் இது: மணிக்கு 10 மி.லி. என்று தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை 20, 40, 80 என்று கூட்டி, பிறகு அரை மணி 150, அடுத்த அரை மணி 250. முகம் சிவப்பது, நெஞ்சு இறுக்கம், தடிப்பு, நடுக்கம் வந்தால் உடனே நிறுத்திச் சொல்ல வேண்டும். லேசானது என்றால் வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்கலாம். முடிந்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் வார்டிலேயே இருங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கேனுலாவைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். மூன்று முதல் பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சலோடு மூட்டு வலி, தாடை வலி, தடிப்பு வந்தால் அது தாமதமாக வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். குறிப்பாக நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஊசி போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த இடைவெளிதான் நம் ஊரில் மருந்தைக் கெடுக்கும் முதல் எதிரி. பணம் முடையானால் அடுத்த டோஸைத் தள்ளிப் போடுவது, நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துவது, நோய் கிளம்பியதும் திரும்ப வருவது. க்ரோன்ஸ் நோயாளிகளுக்குத் தேவைப்பட்டபோது மட்டும் இன்ஃப்ளிக்ஸிமேப் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. 125 பேரில் 61 சதவீதத்தினரின் ரத்தத்தில் மருந்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. ஆன்டிபாடி வந்தால் மருந்து வேலை செய்யாது, ஒவ்வாமையும் வரும். ஒரிஜினலானாலும் பயோசிமிலரானாலும் இதில் வித்தியாசமில்லை.

ஆகவே முதல் ஊசிக்குக் கையில் பணம் இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. முதல் வருடத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமேப் எட்டு டோஸ். மூன்று வயல் ஆள் என்றால் 24 வயல். அடாலிமுமேப் முதல் நாள் 160 மி.கி., பதினைந்தாம் நாள் 80, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40. முதல் வருடத்துக்கு 40 மி.கி. சிரிஞ்ச் 30 போல் ஆகும். இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி, இரண்டு மூன்று பிராண்டின் விலையோடு பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பயோசிமிலரின் உண்மையான லாபம் இங்கேதான். ஒரிஜினலை நாலு டோஸோடு நிறுத்துவதைவிடப் பயோசிமிலரை இரண்டு வருடம் விடாமல் எடுப்பது பல மடங்கு நல்லது. பலன் குறையும்போது டோஸை இரட்டிப்பாக்கவோ இடைவெளியைக் குறைக்கவோ டாக்டர் சொன்னால் அதற்கும் கைக்கு எட்டும். தொடர்ந்து எடுக்க வழியே இல்லை என்று தெரிந்தால் தொடங்குமுன்பே டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகள் ஜெனரிக்காகவே கிடைக்கின்றன. அவற்றுக்கும் அதே காசநோய்ப் பரிசோதனைகள் உண்டு, வேறு எச்சரிக்கைகளும் உண்டு என்பதால் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும்.

காப்பீடு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோனோக்ளோனல் ஆன்டிபாடி (இந்த ஊசிகள் சேர்ந்த மருந்து வகை) ஊசி சிகிச்சையை நவீன சிகிச்சைகள் பட்டியலில் சேர்த்து, பாலிசியிலிருந்து அதை விலக்கக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வழிகாட்டியது. ஆனால் கம்பெனி உச்சவரம்பு வைக்கலாம். டே கேர் அனுமதியாகப் பதிவு செய்து, டாக்டரின் கடிதத்தில் மருந்தின் பெயரோடு 'மோனோக்ளோனல் ஆன்டிபாடி' என்ற சொல்லும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் வாதாட இடமிருக்கும். வீட்டில் தானே போட்டுக்கொள்ளும் அடாலிமுமேப்புக்கு இது கடினம்.

ஆன்டிபாடியைத் தடுக்க இன்ஃப்ளிக்ஸிமேப்போடு, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் அஸாதயோப்ரின் மாத்திரை சேர்ப்பது வழக்கம். 2010-இல் வந்த சோனிக் ஆய்வில் 26-ஆவது வாரத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியிருந்தவர்கள் இரண்டும் சேர்ந்தபோது 57 சதவீதம், இன்ஃப்ளிக்ஸிமேப் தனியாக 44, அஸாதயோப்ரின் தனியாக 30. ஆசிய மக்களில் சிலருக்கு NUDT15 என்ற மரபணுவில் இருக்கும் மாற்றத்தால் இந்த மாத்திரை வெள்ளணுக்களைச் சரசரவென்று இறக்கிவிடும். முதல் சில வாரங்களில் ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். முடி கொத்தாகக் கொட்டினால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

அடாலிமுமேப் வீட்டு ஃப்ரிட்ஜில் வாழும் மருந்து. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டும் ஆகாது, அடிக்கடி திறக்கும் கதவுத் தட்டும் ஆகாது; நடுத்தட்டில், அட்டைப் பெட்டியோடு, வெளிச்சம் படாமல். வெயில்தான் கெடுக்கும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். உறைவது அதைவிட மோசம். ஒருமுறை உறைந்த சிரிஞ்ச் இளகிப் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். மருந்துக்கடையிலிருந்து வரும்போது ஐஸ் பேக்குக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவே ஒரு துணி மடிப்பு கட்டாயம் இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், கீழே போகும் பெட்டியில் வேண்டாம். கரண்ட் நீண்ட நேரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். ஒரிஜினல் அடாலிமுமேப்பை 25 டிகிரிக்குள் 14 நாள் வெளியே வைக்கலாம் என்று அதன் குறிப்பேடு சொல்கிறது. பயோசிமிலருக்குப் பிராண்டுக்குப் பிராண்ட் இந்த நாள் கணக்கு மாறும், அந்தந்தப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். அதோடு நம் ஊர் சித்திரை மாதத்து அறை வெப்பம் 25 டிகிரி அல்ல.

போடுவதற்கு அரை மணி முன் வெளியே எடுத்து வைத்தால் வலி குறையும். வெந்நீரில் போடாதீர்கள். தொடையில், அல்லது தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றில், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி. வலியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சில தயாரிப்புகளில் சிட்ரேட் சேர்ந்திருக்கும். அது சுரீர் என்று எரியும். சிட்ரேட் இல்லாதவையும் உண்டு. 40 மி.கி. மருந்து சிலவற்றில் 0.8 மி.லி.யிலும் சிலவற்றில் 0.4 மி.லி.யிலும் வருகிறது. பிராண்ட் மாறியதும் 'இது எரிகிறது, ஆகவே மட்டமான மருந்து' என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. எரிவது துணைப்பொருள், மருந்தின் வீரியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எரிச்சல் தாங்கவில்லை என்றால் சிட்ரேட் இல்லாத பிராண்ட் கேட்டு வாங்கலாம். போட்ட சிரிஞ்சைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒப்படைத்துவிடுங்கள். குப்பை அள்ளும் அம்மாவின் கையில் குத்தக்கூடாது.

ஒரிஜினலில் இருந்து மாறுகிறவர்களுக்கும், ஒரு பயோசிமிலரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்களுக்கும் முறை ஒன்றுதான். நோய் அடங்கியிருக்கும்போது மாறுவது நல்லது. தொடக்க டோஸ்களின் நடுவிலும், நோய் சீறிக்கொண்டிருக்கும்போதும் தவிர்க்கலாம். அதே டோஸ், அதே தேதி. நடுவில் 'உடம்பு சுத்தமாக' என்று இடைவெளி விட வேண்டியதில்லை. மாறுவதற்கு முன் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஹீமோகுளோபின், அல்புமின், மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் நாலையும் பார்த்து வைத்துவிட வேண்டும். முடிந்தால் ஊசி போடும் நாள் காலையில் மருந்தின் ரத்த அளவும். இந்த எண்கள் கையில் இல்லாமல் மாறினால், பிறகு எழும் எந்தக் கேள்விக்கும் நேர்மையான பதில் சொல்ல முடியாது.

ஏனென்றால் கேள்வி எழும். மாறிய முதல் மூன்று நாலு மாதத்தில் களைப்பு, வயிற்றுப் பொருமல், மூட்டு வலி என்று சிலர் வருவார்கள். மட்டமான மருந்துக்கு மாற்றிவிட்டார்கள் என்ற மனக்குறையே அறிகுறியாக உருவெடுக்கலாம். அதற்கு நோசீபோ விளைவு என்று பெயர். வலி பொய்யல்ல, நோயாளி நடிக்கவில்லை. 'எல்லாம் உங்க பிரமை' என்று சொல்கிற டாக்டரிடம் அவர் மறுபடி உண்மையைச் சொல்ல மாட்டார். கால்ப்ரோடெக்டினும் சிஆர்பியும் மறுபடி பாருங்கள். பழைய எண்ணிலேயே இருந்தால் குடல் அமைதியாக இருக்கிறது என்பதைக் காகிதத்தில் காட்டி, இன்னும் இரண்டு டோஸ் பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். எண் ஏறியிருந்தால் மருந்தைக் குறைசொல்வதற்கு முன் மலத்தில் அமீபா, க்ளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்று உண்டா என்று தேட வேண்டும். அடுத்து ரத்தத்தில் மருந்தின் அளவு. அடுத்த டோஸுக்குச் சற்று முன் இன்ஃப்ளிக்ஸிமேப் மி.லி.க்கு 5 மைக்ரோகிராமுக்கு மேலும், அடாலிமுமேப் 7.5-க்கு மேலும் இருக்க வேண்டும் என்பது பலர் வைத்துக்கொள்ளும் அளவு. அளவு குறைவு, ஆன்டிபாடி இல்லை என்றால் டோஸைக் கூட்டலாம். அளவு போதுமானது, குடலில் மட்டும் அழற்சி என்றால் வேறு வகை மருந்து தேட வேண்டும்.

ஆன்டிபாடி நிறைய இருந்தால்? கடன் வாங்கியாவது ஒரிஜினலுக்குத் திரும்பலாம் என்று குடும்பம் யோசிக்கும். வேண்டாம். இன்ஃப்ளிக்ஸிமேப்புக்கு எதிராக உருவான ஆன்டிபாடி ஒரிஜினலையும் சிடி-பி13-ஐயும் ஒன்றுபோலப் பிடிக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூலக்கூறு அவ்வளவு ஒத்திருக்கிறது என்பதற்கு உடம்பே கொடுக்கும் சாட்சி இது. ஒரிஜினல் பலிக்காமல் போனவருக்குப் பயோசிமிலர் பலிக்காது, எதிர்த்திசையிலும் அப்படியே. அடாலிமுமேப் போன்ற வேறு மூலக்கூறுக்குத்தான் போக வேண்டும்.

மாறுவது ஆபத்தில்லை என்பதால் எப்படி வேண்டுமானாலும் மாறலாம் என்று அர்த்தமில்லை. ஸ்டாக்கிஸ்டிடம் எது இருக்கிறதோ அது என்று ஒரு வருடத்தில் நாலு பிராண்ட் ஏறியவருக்கு ஒவ்வாமை வந்தால், எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் பயோசிமிலரின் பொதுப்பெயருக்குப் பின்னால் நாலெழுத்து ஒட்டு இருக்கும். நம் ஊர்ச் சீட்டில் வெறும் 'இன்ஃப்ளிக்ஸிமேப்' என்றுதான் இருக்கும். ஒரு சின்ன நோட்டுப் போதும். தேதி, எடை, டோஸ், பிராண்ட் பெயர், வயலில் இருக்கும் பேட்ச் எண், காலாவதித் தேதி. முடிந்தால் வயலைக் கையில் பிடித்து லேபிளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நர்ஸும் மறுக்க மாட்டார். ஒவ்வாமையோ தொற்றோ வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில், இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டத்துக்கு நோயாளியே புகார் கொடுக்கலாம். பிராண்டும் பேட்ச் எண்ணும் இல்லாத புகாரால் ஒரு பயனும் இல்லை.

கருவுற்றிருக்கும் பெண்கள் இந்த நோட்டைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போக வேண்டும். கர்ப்ப காலத்தில் நோய் கிளம்புவது தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் என்பதால் பொதுவாக ஊசியைத் தொடரவே சொல்வார்கள், தானாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கடைசி மாதங்களில் இந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும். நம் ஊரில் குழந்தை பிறந்ததும் கேட்காமலே பிசிஜி போட்டுவிடுவார்கள். அது உயிருள்ள கிருமியால் செய்த காசநோய்த் தடுப்பூசி. தாய் இன்ஃப்ளிக்ஸிமேப் எடுத்திருந்த ஒரு குழந்தை, மூன்றாம் மாதம் பிசிஜி போட்டபின் அந்தக் கிருமி உடம்பெங்கும் பரவி இறந்த சம்பவம் இங்கிலாந்தில் பதிவாகியிருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் தள்ளிப் போட வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமேப்புக்கு ஐரோப்பிய அமைப்பு பன்னிரண்டு மாதம் என்கிறது. வாய்வழிப் போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளும் உயிருள்ளவை. அவற்றைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மற்ற தடுப்பூசிகளை நேரத்துக்குப் போடலாம். எட்டாம் மாதத்திலேயே பிரசவ ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்: 'தாய் டிஎன்எஃப் தடுப்பு ஊசி எடுப்பவர், கடைசி டோஸ் இந்தத் தேதி, குழந்தைக்கு பிசிஜி இப்போது வேண்டாம்.' பிரசவ அறைக்கு உடன் வரும் பாட்டிக்கும் இதைச் சொல்லி வையுங்கள். குழந்தையைத் தடுப்பூசி போடத் தூக்கிப் போகும் நேரத்தில் தாய் மயக்கத்தில் இருக்கலாம்.